பம்பு எண்ணெயும் பரிசோதனையும்

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலையில் பயணம் செய்யாத மாணவர்கள் இப்பகுதியில் அநேகமாக இருக்கமாட்டார்கள். முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலை, விக்கிரவாண்டிச் சுங்கச் சாவடி, மயிலத்திற்கு வழி பிரியும் கூட்டேரிப்பட்டு என்று வழிநெடுகக் கண்ணுக்குத் தெரிபவை பல. கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் இப்பகுதியைக் கடந்து செல்கிறது. அது வீராணம் ஏரியின் நீர். 2004ஆம் ஆண்டு முதல் அந்நீர் ஏறத்தாழ 230 கிலோமீட்டர் குழாயில் நடந்து சென்னைக்குப் போய்ச் சேருகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது அத்திட்டத்தின் அளவு. சேத்தியாத்தோப்பிலும் வடக்குத்திலும் உள்ள பம்புகள் அந்நீரைக் காடாம்புலியூர்த் தொட்டி வரையில் ஏற்றிவிடுகின்றன. அங்கிருந்து அது பள்ளம் நோக்கித் தானே ஓடுகிறது.

1993ஆம் ஆண்டு வரையில் விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கியிருந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில், இன்னும் பெரியதொரு பம்பு வேலை நெய்வேலியில் நடைபெற்று வருகிறது. அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் மிகுந்த அழுத்தத்தோடு ஊற்றுநீர் இருக்கிறது. அதைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே மேல்நோக்கிப் பொங்கிவிடும். ஆகவே 1961 முதல் அங்குப் பம்புகள் இரவென்றும் பகலென்றும் பாராமல் நீரை இறைத்த வண்ணம் இருக்கின்றன.

இவ்வளவு வேலை செய்யும் பம்புகளுக்கு நாம் கொடுக்கும் உணவு மின்சாரம் என்பதை யாவரும் அறிவர். மருந்து என்று ஒன்று உண்டு. அதுதான் பேரிங்குகளுக்கு இடும் மசகு எண்ணெய். அந்த எண்ணெயை எப்போது மாற்றுவது? மேலோட்டமாகப் பார்த்தால் இது கேள்வியாகவே தோன்றாது. பழையதானால் மாற்றவேண்டியதுதானே என்று சொல்லிவிடலாம். பழையதாகிவிட்டது என்பதை எதைக்கொண்டு தீர்மானிப்பது என்று கேட்டால்தான் விஷயம் சுவையுடையதாகிறது.

முதலில் எண்ணெய் அங்கே என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் பாட்டனார் காலத்து மாட்டுவண்டியின் இருசுக்கு வைக்கோலை எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மசகு இட்டார்கள். இரும்பும் இரும்பும் நேரே உராயாமல் இடையில் ஒரு படலம் இருக்கவேண்டும் என்பதே அதன் கருத்து. அப்படலம் எவ்வளவு வலிமையுடையது என்பது தற்செயலாகத்தான் தெரியவந்தது. 1883ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பொஷாம் டவர் என்ற பொறியியலாளர் ரயில் அச்சுப் பேரிங்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக மேற்பக்கத்தில் துளையொன்று இட்டார். அச்சு சுழன்றதும், எண்ணெய் உள்ளே செல்வதற்குப் பதிலாக அத்துளை வழியே மேலே பொங்கி வழிந்தது. அவர் மரக்கட்டையால் அடைத்தார். அக்கட்டையையும் எண்ணெய் தள்ளி வெளியேற்றிவிட்டது! சுழலும் அச்சு தன்னோடு எண்ணெயை இழுத்துச் சென்று ஆப்புப் போல் இடுக்கில் திணிக்கிறது. அதனால் எழும் அழுத்தமே பாரம் முழுவதையும் தூக்கி நிறுத்துகிறது. இதன் கணிதத்தை 1886இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் வகுத்துக் காட்டினார். அந்தப் படலத்தின் தடிப்பு சில மைக்ரான்தான். நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு 70 மைக்ரான் அளவில் இருக்கும் என்பதை நினைத்துக்கொண்டால், எத்துணை மெல்லிய திரையின்மேல் எத்துணைப் பெரிய எந்திரம் நிற்கிறது என்பது விளங்கும். குண்டுப் பேரிங்குகளில் அத்திரை இன்னும் மெல்லியது.

இத்தகைய எண்ணெய் கெடுவது எப்படி? இதற்கு விடை நம் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது. தீபாவளிக்குப் பலகாரம் சுட்ட எண்ணெயைப் பார்த்திருப்பீர்கள். முதல் நாள் பொன்னிறமாக இருந்தது, இரண்டு மூன்று தடவை காய்ந்தபின் கறுக்கிறது; கெட்டிப்படுகிறது; நுரைக்கிறது; காறல் வாடை வீசுகிறது. சூட்டில் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு கூடுவதே காரணம். எந்திர எண்ணெய் பெட்ரோலியத்திலிருந்து வருவது. ஆயினும் அதற்கு நேரும் கதி ஏறக்குறைய இதுவே. ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்களைத் தயாரிப்பாளர் அதில் கலந்திருப்பார்கள். அவை தீரும் வரையில் எண்ணெய் தாங்கும். தீர்ந்தபின் விரைவில் புளித்துவிடும். வெப்பநிலை பத்துப் பாகை உயரும்போதெல்லாம் இந்த மாறுதலின் வேகம் சுமார் இரு மடங்காகிறது என்பது பொதுவான கணக்கு. ஆகவே 60 பாகையில் ஓடும் பம்புக்கும் 80 பாகையில் ஓடும் பம்புக்கும் ஒரே தேதியில் எண்ணெய் மாற்றுவது எவ்வாறு பொருந்தும்?

வெப்பம் உள்ளிருந்து கெடுப்பது. வெளியிலிருந்து வந்து கெடுப்பவை நீரும் தூசியும். பம்பு ஓடும்போது பேரிங் பெட்டிக்குள் இருக்கும் காற்றுச் சூடேறி விரிந்து வெளியேறுகிறது. நிறுத்தியபின் குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. எந்திரமும் மூச்சு விடுகிறது என்று இதைச் சொல்வதுண்டு. அந்த மூச்சோடு, சுற்றுப்புறத்தில் எது மிதக்கிறதோ அது உள்ளே போகிறது. திண்டிவனத்திற்குத் தெற்கே திருவக்கரைப் பக்கம் கல்லுடைக்கும் ஆலைகள் உள்ளன. அங்கே ஓடும் எந்திரம் மூச்சிழுத்தால் கருங்கல் தூள்தான் வரும். கிழக்கே மரக்காணத்து உப்பளங்களின் ஓரத்தில் ஓடும் பம்பு ஈரத்தையும் உப்பையும் சேர்த்தே இழுக்கும். ஒரே நிறுவனம் செய்த இரண்டு பம்புகள், ஒரே வகை எண்ணெய். ஆனால் ஊர் வேறு, அதனால் எண்ணெயின் ஆயுளும் வேறு.

இவற்றையெல்லாம் எண்ணிப் பாராமல், ஆறு மாதத்திற்கு ஒரு முறை என்றோ, ஆயுத பூஜைக்கு முன்பு என்றோ நாள் குறித்து எண்ணெய் மாற்றுவது பல பட்டறைகளின் வழக்கம். நாட்காட்டியை நான் குறை கூறவில்லை. ஒன்றுமே செய்யாதிருப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆயினும் அதில் இரண்டு தீங்குகள் உண்டு. நல்ல எண்ணெயையும் கொட்டிவிடுகிறோம் என்பது ஒன்று. நம் நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது என்பதை நினைத்தால் இது சிறிய நஷ்டமன்று. அன்றியும், பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அழுக்குப் புனலும் தவறான டின்னும் உள்ளே நுழைய இடமேற்படுகிறது. மற்றொன்று, குறித்த நாளுக்கு முன்பே எண்ணெய் கெட்டுவிட்டால் நாட்காட்டி நம்மை எச்சரிக்காது.

அவ்விதம் எச்சரிக்கையின்றிப் பம்பு நின்றால் விளைவது என்ன? கரும்பு அரவைக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சாற்றைச் சாதாரணமாகக் கொதிக்க விடுவதில்லை, சர்க்கரை கருகிவிடும். காற்றை நீக்கிய கலங்களில், குறைந்த வெப்பத்தில் கொதிக்க வைக்கிறார்கள். அக்கலங்களிலிருந்து எழும் ஆவியைக் குளிர்ந்த நீரைப் பீய்ச்சி அடக்கினால்தான் வெற்றிடம் நிலைக்கும். அந்நீரைத் தள்ளுவதற்கு இன்ஜெக்ஷன் பம்பு என்று பெயர். அதன் பேரிங் ஒன்று உருகிப் பம்பு நின்றால், வெற்றிடம் போகும், சாறு தேங்கும், கடைசியில் அரவையே நிற்கும். ஆலை வாயிலிலோ டிராக்டர்களும் லாரிகளும் கரும்போடு வரிசையில் நிற்கின்றன. வெட்டிய கரும்பு மணிக்கு மணி எடையும் இழக்கும், இனிப்பும் இழக்கும். எடைமேடையில் அந்த நஷ்டம் யார் கணக்கில் விழுகிறது என்பதைக் கரும்பு விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கையளவுள்ள பேரிங், அதில் சில லிட்டர் எண்ணெய். அதன் பின்னால் ஓராண்டு உழைப்பு நிற்கிறது.

ஆகவே, எண்ணெயையே கேட்டுத் தெரிந்துகொண்டால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. இதை முதன்முதலில் ஒழுங்காகச் செய்தவர்கள் ரயில்வேக்காரர்கள். 1946ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் டென்வர் அண்டு ரியோ கிராண்டே வெஸ்டர்ன் என்ற ரயில் நிறுவனம், தன் டீசல் என்ஜின்களில் ஓடிய எண்ணெயைச் சிறிது எடுத்து அதில் எந்தெந்த உலோகம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்க்கத் தொடங்கியது. என்ஜினைப் பிரிக்காமலே அதன் உள்ளுறுப்பு தேய்வதை அறிய முடிந்தது. 1950களில் அமெரிக்கக் கடற்படையார் விமான என்ஜின்களுக்கு அம்முறையைக் கையாண்டார்கள். நம் நாட்டிலும் 1960களில் டீசல் என்ஜின்கள் பெருகத் தொடங்கின. வாரணாசித் தொழிற்சாலையின் முதல் என்ஜின் 1964இல் வெளிவந்தது. இந்திய ரயில்வேயின் டீசல் கொட்டகைகளில் எண்ணெய்ச் சோதனை நாள்தோறும் நடக்கும் வேலையாயிற்று. விழுப்புரம் சந்திப்பில் டீசல் என்ஜின் பூட்டிய வண்டிகளில் ஏறி இறங்கிய தலைமுறையினர், அவ்வென்ஜின்களின் எண்ணெய் அடிக்கடி சோதனைச் சாலைக்குப் போய்வந்ததை அறிந்திருக்கமாட்டார்கள். என்ஜினுக்குப் பொருந்திய முறை பம்புக்கும் பொருந்தும். பம்பு, டர்பைன், பற்சக்கரப் பெட்டி எல்லாவற்றிற்கும் பின்னர் அது பரவியது.

சோதனைச் சாலையில் என்ன செய்கிறார்கள்? பெயர்கள் பெரியவை, தத்துவங்கள் யாவும் பள்ளிப் பாடத்தில் உள்ளவையே.

பாகுநிலையை அளப்பது முதல் வேலை. 40 பாகை வெப்பமுள்ள தொட்டியில் வைத்த மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியே எண்ணெய் இறங்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்கிறார்கள். பம்புகளுக்குப் பெரும்பாலும் 46, 68 என்ற எண்ணுடைய எண்ணெய்களை இடுவார்கள். அந்த எண்ணே 40 பாகையில் அதன் பாகுநிலை, சென்டிஸ்டோக்ஸ் என்ற அலகில். புதிய எண்ணெயின் அளவிலிருந்து நூற்றுக்குப் பத்து, பதினைந்து விலகினால் காரணம் தேடவேண்டும். கூடியிருந்தால் எண்ணெய் முதிர்ந்துவிட்டது, அல்லது யாரோ கெட்டியான வேறு எண்ணெயை ஊற்றிவிட்டார்கள். பின்னது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கிறது.

அடுத்தது புளிப்பு. கல்லூரி மாணவர்கள் பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டு அமிலத்தைத் தரம் பார்த்திருப்பார்கள். அதே சோதனைதான். ஒரு கிராம் எண்ணெயிலுள்ள அமிலத்தை முறிக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்பதே அமில எண். புதிய எண்ணெயிலும் அது சிறிதளவு இருக்கும். ஏனெனில் கலந்துள்ள மருந்துகளில் சில அமிலத்தன்மை உடையவை. ஆகவே புதிய எண்ணெயின் எண்ணைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு ஏறியது என்றுதான் பார்க்கவேண்டும்.

நீரைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. தாளிக்கும்போது காய்ந்த எண்ணெயில் ஈரக்கை பட்டால் சடசடவென்று வெடிக்கிறதல்லவா? 150 பாகைக்கு மேல் சூடான தட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அது அமைதியாகப் பரவுகிறதா, பொரிகிறதா என்று கவனிப்பார்கள். நூற்றில் பத்தில் ஒரு பங்கு நீர் இருந்தாலே பொரியும். (கண்ணாடி அணிந்துகொண்டு ஆசிரியர் முன்னிலையில் செய்யவேண்டிய சோதனை இது.) அதனினும் நுட்பமாக அறிய 1935இல் ஜெர்மானிய வேதியியலார் கார்ல் ஃபிஷர் கண்டுபிடித்த முறை இருக்கிறது, பத்து லட்சத்தில் சில பங்கு நீரையும் அது காட்டிக்கொடுக்கும். அவ்வளவு நுட்பம் எதற்கு என்று கேட்கலாம். 1977இல் டிம்கன் என்ற பேரிங் நிறுவனத்தைச் சார்ந்த கான்ட்லி ஒரு கணக்கை வெளியிட்டார். எண்ணெயில் பத்து லட்சத்தில் 100 பங்கு நீர் இருக்கும்போது பேரிங்கின் ஆயுளை ஒன்று என்று வைத்துக்கொண்டால், 400 பங்கு நீரில் அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது. 400 பங்கு என்பது ஒரு லிட்டரில் அரை மில்லிலிட்டருக்கும் குறைவு, சில துளிகள்தாம். கண்ணால் பார்த்தால் எண்ணெய் தெளிவாகவேகூட இருக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது உலோகச் சோதனை. அடுப்புச் சுடரில் உப்புத் தூள் விழுந்தால் சுடர் மஞ்சளாவதைப் பார்த்திருப்பீர்கள். செம்பு உப்பைத் தூவினால் பச்சை. ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று உரிய நிறத்தை வீசுகிறது என்பதைக்கொண்டு புன்சனும் கிர்க்காஃபும் 1860இல் சீசியத்தையும், அடுத்த ஆண்டில் ருபீடியத்தையும் கண்டுபிடித்தார்கள். நம் பள்ளிகளில் சுடர் சோதனை என்று செய்கிறோமே, அதன் பெரிய தமையன்தான் நிறமாலைமானி. சில துளி எண்ணெயை மின்பொறியில் எரித்து, வரும் ஒளியைப் பிரித்தால், இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று சில நொடிகளில் தெரிந்துவிடுகிறது. இரும்பும் குரோமியமும் மிகுந்தால் பேரிங்கின் குண்டோ வளையமோ தேய்கிறது. செம்பு மிகுந்தால் குண்டுகளைத் தாங்கும் பித்தளைக் கூடு தேய்கிறது. வெள்ளீயமும் காரீயமும் தலைகாட்டினால் பெரிய பம்புகளின் வெள்ளை உலோகப் பேரிங்கைச் சந்தேகிக்கவேண்டும். சிலிக்கன் என்றால் பெரும்பாலும் வெளித்தூசி. திருவக்கரைப் பக்கத்து எந்திரத்தில் எதிர்பார்க்கக்கூடியது. சோடியம் மரக்காணத்துப் பம்பில் காணப்பட்டால், உப்புநீர் சீலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டதோ என்று பார்க்கவேண்டும்.

ஆனால் நிறமாலைமானிக்கு ஒரு குறை உண்டு. ஏறத்தாழ பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களை அது சரிவர எரிக்காது; ஆகவே காணாது. பேரிங் சாகும் தறுவாயில் உதிர்வதோ பெரிய செதில்கள்! உலோக அளவு குறைவு என்று அறிக்கை சொல்ல, எந்திரம் நொறுங்கிக்கொண்டிருக்கும். இதற்காகத்தான் 1970களில் அமெரிக்கரான வெர்னன் வெஸ்ட்காட் முதலானோர், காந்தத்தின்மேல் சாய்த்து வைத்த கண்ணாடித் தகட்டில் எண்ணெயை ஓடவிட்டு, படிந்த துகள்களை நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை உருவாக்கினார்கள். துகளின் உருவமே காரணத்தைச் சொல்லும். சுருள் சுருளாக இருந்தால் கூரிய ஏதோ செதுக்குகிறது; தட்டையான செதிலாக இருந்தால் பேரிங்கின் தோல் களைத்து உரிகிறது.

துகள்களை எண்ணும் முறையும் உண்டு. அறிக்கையில் 18/16/13 என்பது போல் மூன்று எண்கள் இருக்கும். ஒரு மில்லிலிட்டர் எண்ணெயில் 4 மைக்ரானுக்கும், 6 மைக்ரானுக்கும், 14 மைக்ரானுக்கும் மேற்பட்ட துகள்கள் எத்தனை என்பதன் குறியீடுகள் அவை. 13 என்றால் 40க்கு மேல் 80 வரையில். 14 என்றால் 80க்கு மேல் 160 வரையில். எண் ஒன்று கூடினால் அழுக்கு இரு மடங்கு. ஆகவே 13, 16 ஆயிற்று என்றால் மூன்றுதானே கூடியது என்று இருந்துவிடக்கூடாது. எட்டு மடங்கு கூடியது.

இனி அறிக்கையைப் படிக்கும் விதம். இங்கேதான் அனுபவம் தேவைப்படுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மதிப்பெண் பட்டியல்களோடு வாழ்ந்தவன் என்ற முறையில் ஒன்று கூறுகிறேன். என்றும் ஐம்பது வாங்கும் மாணவன் இம்முறையும் ஐம்பது வாங்கினால் ஆசிரியர் பதற்றப்படமாட்டார். தொண்ணூறு வாங்கியவன் திடீரென்று அறுபதுக்கு இறங்கினால் அவன் தகப்பனாரை வரச்சொல்வார். அறுபது ஐம்பதைவிட அதிகமாயிற்றே என்று யாரும் வாதிடுவதில்லை. எண்ணெய்க்கும் இதே நீதி. பயிற்சிக்காக ஒரு கணக்கை நாமே வைத்துக்கொள்வோம். ஒரு பம்பில் 500 மணிக்கு ஒரு முறை எடுத்த மாதிரிகளில் இரும்பு, பத்து லட்சத்தில் 4, 7, 9, 12, 14 என்று ஏறி வருகிறது. தேய்மானம் சீராக நடக்கிறது, அச்சமில்லை. அடுத்த முறை 31 என்று வந்தால், அது எந்த எல்லையையும் தாண்டாவிட்டாலும் அந்தப் பம்பை உடனே கவனிக்கவேண்டும். வேறொரு பம்பில் 40, 41, 41, 42 என்று இருக்கிறது. எண் பெரியது, ஆபத்து சிறியது.

இந்த ஒப்பீட்டைக் கெடுக்கும் ஒன்று, குறைந்த எண்ணெயை நிரப்புவது. பாதி எண்ணெய் ஒழுகிப்போய்ப் புதியதை ஊற்றி நிரப்பினால், 30 என்றிருந்த இரும்பு மறுமுறை 15 என்று வரும். பேரிங் குணமாகிவிட்டதென்று பொருளல்ல. ஆகவே எவ்வளவு நிரப்பினோம் என்பதைக் குறிப்பேட்டில் எழுதாதவன் சோதனைக்குப் பணம் கொடுப்பதில் பயனில்லை. அதுபோலவே, புதிய டின்னைத் திறந்த அன்றே அதிலிருந்து ஒரு மாதிரியைச் சோதித்து வைத்துக்கொள்ளவேண்டும். தொடக்கம் தெரியாமல் ஏற்றத்தை எப்படிக் கணக்கிடுவது?

மாதிரி எடுப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஏனெனில் முறையின் வெற்றி தோல்வி பெரும்பாலும் சோதனைச் சாலையில் இல்லை, பம்பின் அருகில் நிற்கும் ஃபிட்டரின் கையில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதோ, நிறுத்திய சில நிமிடங்களுக்குள்ளோ எடுக்கவேண்டும். ஆறவிட்டால் துகள்களும் நீரும் அடியில் தங்கிவிடும். அடிமட்டத்து வடிகால் துளையிலிருந்து பிடித்தால் மண்டிதான் வரும்; அதைச் சோதித்தால் நல்ல எண்ணெயும் கெட்டதாகத் தோன்றும். மேற்பரப்பில் எடுத்தால் கெட்டதும் நல்லதாகத் தோன்றும். நடுமட்டத்திலிருந்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்திலிருந்து எடுப்பதே சரி. குழாயில் தேங்கி நின்றதை முதலில் சிறிது வடித்துத் தள்ளிவிட்டுப் பிறகு பிடிக்கவேண்டும். புட்டி உலர்ந்த, சுத்தமான புட்டியாக இருக்கவேண்டும். குடித்துப்போட்ட சோடாப் புட்டியில் பிடித்து அனுப்பினால், நீர் அதிகம் என்று விடை வரும், அது சோடா! புட்டியின்மேல் பம்பின் எண், எண்ணெயின் பெயர், தேதி, எண்ணெய் மாற்றியபின் ஓடிய மணிகள், நிரப்பிய அளவு இவை எழுதப்படவேண்டும். நாளை எழுதலாம் என்று வைத்த புட்டிகள் மறுநாள் ஒன்றுக்கொன்று இரட்டைப் பிள்ளைகளாகிவிடும்.

அறிக்கை வந்தபின் செய்யவேண்டியது எப்போதும் எண்ணெய் மாற்றுவதல்ல. இதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. பாகுநிலையும் அமில எண்ணும் கெட்டிருந்தால் எண்ணெய் முதிர்ந்துவிட்டது, மாற்றியே ஆகவேண்டும். நீர் மட்டும் மிகுந்திருந்தால், சீலை மாற்றாமல் எண்ணெயை மாற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதாகும். பத்து நாளில் அதே நீர் வந்துவிடும். தூசி மட்டும் மிகுந்திருந்தால், மூச்சுத்துளைக்கு நல்ல வடிகட்டி பொருத்தி, எண்ணெயையும் வடிகட்டி மறுபடி பயன்படுத்தலாம். உலோகம் மட்டும் ஏறியிருந்தால் கோளாறு எந்திரத்தில். தண்டு நேராக இணைந்திருக்கிறதா, அதிர்வு உண்டா என்று பார்க்கவேண்டும். எல்லாம் நன்றாக இருந்தால், குறித்த நாள் வந்துவிட்டது என்பதற்காக எண்ணெயைக் கொட்டவேண்டியதில்லை. அடுத்த சோதனை வரையில் ஓடவிடலாம்.

எல்லாப் பம்புக்கும் இதைச் செய்யவேண்டுமா? வேண்டியதில்லை. சிறிய பம்புகளின் பேரிங் பெட்டியில் ஒரு லிட்டர் எண்ணெய்கூட இராது. அதில் சோதனைக்கென்று நூறு மில்லிலிட்டர் எடுத்து, சோதனைச் சாலைக்குக் கட்டணமும் கட்டுவதைவிட, எண்ணெயையே மாற்றிவிடுவது மலிவு. அவற்றுக்கு நாட்காட்டியே போதும். பெட்டியின் கண்ணாடி வழியே எண்ணெய் பால்போல் வெளுக்கிறதா என்று தினமும் ஒரு பார்வை பார்த்தால் சரி. நூற்றுக்கணக்கான லிட்டர் எண்ணெய் சுற்றிவரும் பெரிய பம்புகளுக்கும், நின்றால் ஊருக்கே தண்ணீரோ ஆலைக்கே அரவையோ நின்றுவிடும் என்ற நிலையிலுள்ள பம்புகளுக்கும்தான் சோதனை தேவை. மாதம் ஒரு முறையோ மூன்று மாதத்திற்கு ஒரு முறையோ தொடங்கி, நான்கைந்து மாதிரிகளின் போக்கைக் கண்டபின் இடைவெளியை நீட்டலாம், குறுக்கலாம். மாற்றிய பழைய எண்ணெயை வாய்க்காலிலோ வயலிலோ ஊற்றுவது கூடாது. 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவு விதிகளின்படி, அதை உரிமம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடமே ஒப்படைக்கவேண்டும்.

சர்க்கரை ஆலைகளில் அரவைப் பருவம் முடிந்தபின் எந்திரங்களைப் பிரித்துப் பார்ப்பதற்குச் சில மாதங்கள் கிடைக்கின்றன. பருவம் முழுவதும் சேர்ந்த அறிக்கைகளை அப்போது மேசையின்மேல் வரிசையாக வைத்து, எந்தப் பம்பைப் பிரிப்பது, எதன் எண்ணெயை மட்டும் மாற்றுவது, எதைத் தொடாமலே அடுத்த பருவத்திற்கு விடுவது என்று பட்டியல் எழுதலாம். கரும்பு மறுபடி வாயிலுக்கு வருமுன் அந்தப் பட்டியலின்படி வேலை முடிந்திருக்கவேண்டும்.